ஏறுவதற்கு மட்டும் காசு

எங்கள் லிஃப்டில் இறங்கக் காசு வேண்டாம்.
ஏறத்தான்.
இருபது தெத்ரி போட்டால்
ஒருமுறை இருமிவிட்டுக் கிளம்பும்.
திபிலிசியின் வடகோடி, குல்தானியில்
பழைய கட்டடங்களுக்கு இதுதான் வழக்கம்.
நான் பதினோராம் மாடி.

லிலேவுக்குப் பத்தொன்பது நாள்.
வாக்தாங் பத்தூமித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான்,
சனிக்கிழமை வந்து திங்கள் விடியுமுன் போய்விடுவான்.
மிச்ச நாட்களில்
சந்தை, மருந்துக்கடை, ஊர்
எல்லாம் இந்தக் கைப்பேசிக்குள்.

இடது மார்பில் குழந்தை.
வலது கட்டைவிரலில் குடித்தனம்.
டயப்பர், ஒன்றாம் அளவு.
பால் ஊறுமென்று மாமியார் சொன்ன வால்நட்.
எனக்கான பெரிய நாப்கின்.
அதைத் தேடும்போது மட்டும்
அறையில் யாருமில்லாவிட்டாலும்
திரையைச் சாய்த்துக்கொள்கிறேன்.
உருளைக்கிழங்கு இல்லை, பதிலுக்குப் பூசணி சம்மதமா?
சம்மதம்.
மத்ஸோனி தயிர் இல்லை, ஸ்ட்ராபெரி தயிர் சம்மதமா?
விடிகாலை நான்கு மணிக்கு
என்னிடம் சம்மதம் கேட்கிற ஒரே ஜீவன்
இந்தச் செயலி.

குறிப்பு என்ற கட்டத்தில் எழுதினேன்:
'மணி அடிக்காதீர்கள். கதவைத் தட்டாதீர்கள்.
கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போங்கள்.
குழந்தை இப்போதுதான்'
அதற்குமேல் எழுத்து ஏறவில்லை.

மிந்தியா என்றொரு பெயர்
பச்சைப் புள்ளியாக ஊர்ந்து வந்து
எங்கள் வாசலில் நின்றது.
லிஃப்ட் இருமவில்லை.
ஐந்து நிமிடம். எட்டு நிமிடம்.
பிறகு படிக்கட்டில் பூட்ஸ் சத்தம்.
அன்று பார்த்து
ஆறு லிட்டர் தண்ணீர் கேட்டிருந்தேன்.

கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு மூச்சு,
யாரையும் எழுப்பிவிடக் கூடாதென்று
வாயைப் பொத்திக்கொண்டு வாங்கும் மூச்சு.
இந்தப் பக்கம் நான்.
மூன்று நாள் சீவாத தலை,
பால் நனைத்த சட்டை,
கைப்பிடியில் கை.
திறக்கவில்லை.
நன்றி சொல்ல ஒரு முகம் வேண்டியிருக்கிறது.
அன்று என்னிடம் இல்லை.

பை கதவில் உரசியது.
இறங்கக் காசு வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை போல,
படியிலேயே இறங்கிப் போனான்.

பைக்குள் மூன்றாம் அளவு டயப்பர்.
லிலே அதற்குள் கழுத்துவரை புதைந்தாள்.
அழுதேன். அவளில்லை, நான்.
புகார்ப் பொத்தான்வரை போன விரல்
அந்த மூச்சைக் கேட்டுத் திரும்பியது.
மடித்துக் கட்டினேன்.

சனிக்கிழமை வாக்தாங்கிடம் பத்து நாணயம் தந்து
கீழே மின்மீட்டர் பெட்டிக்குள் வைக்கச் சொன்னேன்.
'யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்' என்றான்.
எடுத்துக்கொண்டு போகத்தானே வைக்கிறோம்.
குறிப்பில் ஒரு வரி கூட்டினேன்:
'லிஃப்டுக்குக் காசு மீட்டர் பெட்டியில்.'
இடம் போதாமல்
குழந்தையை எடுத்துவிட வேண்டியிருந்தது.

அதன்பின் ஆறு முறை பொருள் வந்தது.
ஆறு பெயர்கள். மிந்தியா இல்லை.
சிலமுறை இருமல் கேட்டது,
சிலமுறை நான் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தேன்.

நாற்பதாம் நாள்
லிலேவை நெஞ்சோடு கட்டிக்கொண்டு இறங்கினேன்.
வெயிலில் கண் கூசியது.
ரொட்டிக்கடைவரை நடந்து
அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு ஒன்று வாங்கி
நுனியைக் கடித்தபடி திரும்பி
லிஃப்டுக்குள் நின்ற பிறகுதான் உறைத்தது:
பணமெல்லாம் கைப்பேசியில்.
பையில் ஒற்றைக் காசு இல்லை.

மீட்டர் பெட்டியைத் திறந்தேன்.
பத்தில் ஆறு போனால் நான்கு.
எண்ணினேன். ஏழு.
ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
மறுபடி எண்ணினேன்.
கணக்கு உதைத்தது.
யாரோ படியேறியிருக்கிறார்கள்,
இல்லை, யாரோ போட்டிருக்கிறார்கள்.

ஒன்றை எடுத்துப் போட்டேன்.
லிஃப்ட் இருமியது.
லிலே விழித்துக்கொண்டாள்.